ஸ்டீயரிங்கா, சீட்டா, ஃப்ளோரா? உங்க அம்பாசடர் எங்க ஆடுதுன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்!

ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், போகன்வில்லா பூ, பக்கத்துல பளபளன்னு ஒரு வெள்ளை அம்பாசடர். புதுச்சேரியில் ப்ரீ-வெட்டிங் ஷூட் என்றால் இந்த ஃப்ரேம் இல்லாமல் ஆல்பமே முடியாது. போட்டோவில் அந்த கார் ராஜா மாதிரி நிற்கும். ஆனால் அதே காரை இ.சி.ஆரில் 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டிப் பாருங்க. பல கார்கள் ராஜா மாதிரி இருக்காது, மிக்ஸி மாதிரி இருக்கும்!

எங்க மாமாவோட கார் அப்படித்தான் இருந்தது. முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் நிற்கும் மார்க் 4 அம்பாசடர், பிஒய் 01 நம்பர். காலாப்பட்டு தாண்டி கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், தரையிலிருந்து ‘ர்ர்ர்...’ என்று ஒரு நடுக்கம். டயர்தான் காரணம்னு ஒருத்தர் சொன்னார். ரெண்டு புது டயர் போட்டாச்சு. வீல் பேலன்சிங் பண்ணாததுதான் காரணம்னு இன்னொருத்தர். அதுவும் ரெண்டு தடவை. இன்ஜின் மவுண்டிங்னு மூணாவது ஆள். அதையும் மாத்தியாச்சு. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. “அதுக்கும் வயசாயிடுச்சு மாப்ள... யாராவது கேட்டா குடுத்துடலாம்” என்று மாமா சொன்ன அன்னிக்கு அத்தை சாப்பிடவே இல்லை. அவங்க கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்கு வந்த முதல் வண்டி அது.

கடைசியில் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. மூணு கேள்விதான் கேட்டார். “எந்த ஸ்பீடுல ஆடுது? உடம்புல எங்க தெரியுது? நியூட்ரல்ல விட்டா நிக்குதா?” மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

அந்த மூணு கேள்வியும், கூடவே உங்க கையில் இருக்கிற போனும் இருந்தால், பாதி நோயைப் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம். எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல, கீழே என்னதான் சுத்துது?

இன்னிக்கு நாம ஓட்டும் ஹேட்ச்பேக் எல்லாம் பெரும்பாலும் ஃப்ரன்ட் வீல் டிரைவ். இன்ஜின், கியர் பாக்ஸ், ஓடும் சக்கரம் எல்லாமே முன்னாடி. 1983-ல் வந்த மாருதி 800-லிருந்து நமக்கு இது பழகிவிட்டது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா எல்லாம் வேறு ரகம். இன்ஜின் முன்னால், ஆனால் வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம். நடுவில் காருக்கு அடியில் ஒரு நீளமான இரும்புக் குழாய் சுத்திக்கொண்டே பவரைப் பின்னாடி கொண்டு போகும். அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். பின் ஆக்சில் மேடு பள்ளத்தில் மேலும் கீழும் ஏறி இறங்குமே, அதுக்கு ஷாஃப்ட் மடங்கிக் கொடுக்க வேண்டும். அதுக்காக ரெண்டு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட். பட்டறையில் ‘யூ.ஜே. கிராஸ்’ என்பார்கள். கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, அதன் நாலு முனையிலும் ஊசி ஊசியாய் ரோலர் வைத்த கப். பின்னாடி ஹவுசிங்குக்குள் கிரௌனும் பினியனும் அந்தச் சுழற்சியைத் திருப்பி சக்கரத்துக்குக் கொடுக்கும்.

காருக்குக் கார் கொஞ்சம் மாறும். அம்பாசடரில் ஷாஃப்ட் ஒரே துண்டு. பத்மினியில் ரெண்டு துண்டு, நடுவில் ரப்பரில் தொங்கும் ஒரு சென்டர் பேரிங். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்களிலும் ஜாயின்ட் உண்டு, அதனால் மொத்தம் நாலு ஜாயின்ட்டைப் பார்க்கணும்.

புதுச்சேரிக்கு மட்டும் ஸ்பெஷலா ஒரு பிரச்னை

இந்த ஊரில் பழைய கார்கள் ஓடுறதை விட நிக்கிறதுதான் அதிகம். கடல் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். மாசக்கணக்கில் நிற்கிற காரில் ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, ஒரே இடத்தில் அழுந்திய டயர் அந்த இடத்தில் லேசாகத் தட்டையாகிவிடும். ரெண்டு, யூ.ஜே. கப்புக்குள் கிரீஸ் காய்ந்து ஊசி ரோலரில் துரு பிடிக்கும்.

டயர் தட்டையானதா என்று தெரிந்துகொள்வது சுலபம். கிளம்பும்போது தட தடன்னு ஆடி, இருபது முப்பது நிமிஷம் ஓடி டயர் சூடானதும் குறைந்தால் சந்தேகம் டயர் மேலதான். ஓட ஓடக் குறையவே இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போங்க.

கேள்வி 1: உடம்புல எங்க தெரியுது?

ஸ்டீயரிங் கையில் ஆடினால் முதலில் முன் சக்கரங்களைப் பாருங்க. டயர், ரிம், வீல் பேரிங், டை ராட் எண்ட். சீட்டில், முதுகில் தெரிந்தால் பின் சக்கரம், பின் ஆக்சில். காலுக்குக் கீழே ஃப்ளோரில், கியர் லீவரில், பின்னாடி பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தால் ஷாஃப்ட், ஜாயின்ட், கியர் பாக்ஸ் மவுண்டிங்.

ஆட்டத்தின் ரகத்தையும் கவனிங்க. ‘தட், தட், தட்’ என்று கிட்டத்தட்ட எண்ண முடிகிற மாதிரி இருந்தால் அது சக்கரத்தின் தாளம். எண்ணவே முடியாத ‘ர்ர்ர்...’ ஹம்மிங் என்றால் ஷாஃப்ட் அல்லது இன்ஜினின் தாளம். ஏன்னா ஷாஃப்ட், சக்கரத்தை விட நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் சுத்துது.

கேள்வி 2: எந்த ஸ்பீடுல?

‘வேகமா போனா ஆடுது’ என்பது பதில் இல்லை. எத்தனையில் ஆரம்பிக்குது, எத்தனையில் உச்சம், அதைத் தாண்டினால் குறையுதா என்று பாருங்க. பழைய கார் ஸ்பீடோமீட்டர் முள்ளே சில சமயம் டான்ஸ் ஆடும். அதனால் போனில் ஜி.பி.எஸ். வேகத்தை எடுங்க.

பொதுவாக இப்படி இருக்கும்:

- நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறல்: கிளட்ச், இன்ஜின் மவுண்டிங், ரெண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்.
- ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, வேகம் ஏற ஏற மோசமாகுது: சக்கரம் அல்லது ஷாஃப்ட்டின் பேலன்ஸ்.
- ஆக்சிலரேட்டர் மிதித்தால் மட்டும் ஆடுது, விட்டால் நிக்குது: ஷாஃப்ட்டின் கோணம், மவுண்டிங், தேய்ந்த ஜாயின்ட்.
- கியர் போட்டதும், ஆக்சிலரேட்டரை விட்டு மிதித்ததும் ‘டொக்’: ஜாயின்ட்டில் பிளே, அல்லது கிரௌன்-பினியனில் இடைவெளி.
- மெதுவாகப் போகும்போது அடியிலிருந்து குருவி மாதிரி ‘கீச் கீச்’: காய்ந்துபோன யூ.ஜே. இது நடுக்கம் வருவதற்கு முன்னாடியே வரும் எச்சரிக்கை.

கேள்வி 3: நியூட்ரல்ல விட்டா?

இதுதான் முக்கியமான டெஸ்ட். நாலு கியர் அம்பாசடரில் டாப் கியர் என்பது நேரடி கியர். அதாவது இன்ஜின் எத்தனை சுற்று சுத்துதோ அதே அளவு ஷாஃப்ட்டும் சுத்தும். அதனால் டாப் கியரில் ஓடும்போது ஆடுவது இன்ஜினா, ஷாஃப்ட்டா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல மெக்கானிக்கே ஏமாறும் இடம் இது. எங்க மாமா இன்ஜின் மவுண்டிங் மாத்தினதும் இந்தக் குழப்பத்தில்தான்.

பிரிக்க ஒரே வழி, ரெண்டையும் தனித்தனியா சுத்த விடுவது. ஆடுகிற வேகத்துக்குப் போய், கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்க. இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிடும், கார் உருளும்.

- ஆட்டம் சட்டென்று நின்றால்: இன்ஜின், கிளட்ச், மவுண்டிங் பக்கம் பாருங்க. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வரும் கோணப் பிரச்னையாகவும் இருக்கலாம்.
- அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறையத்தான் குறைந்தால்: சக்கரம் அல்லது ஷாஃப்ட். இன்ஜின் நிரபராதி!

உறுதிப்படுத்த, காரை நிறுத்தி நியூட்ரலில் இன்ஜினை மட்டும் ரேஸ் பண்ணுங்க. நின்ற இடத்திலேயே அதே நடுக்கம் வந்தால் குற்றவாளி முன்னாடிதான் இருக்கிறார்.

கவனம்: சாவியை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க, ஸ்டீயரிங் லாக் இருக்கிற கார்கள் உண்டு. பின்னாடி வண்டி வராத நேரான ரோடு வேணும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டிகளுக்கு மூடிவிடும் பீச் ரோடும், ஒயிட் டவுன் சந்துகளும் இதுக்கு சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இ.சி.ஆர். பரவாயில்லை. கண்டிப்பாகக் கூட ஒருத்தர் வேணும். ஓட்டுகிறவர் கையில் போன் இருக்கவே கூடாது.

இப்ப போனை எடுங்க!

உங்க போனில் ஆக்சிலரோமீட்டர் இருக்கு. ஸ்க்ரீன் திரும்புவதற்குப் பயன்படும் அதே சென்சார், ஒரு விநாடிக்கு எத்தனை தடவை ஆடுது என்பதையும் சொல்லும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைபாக்ஸ்’ ஆப் இலவசம். அதில் ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. போனை டபுள் சைடு டேப்பால் சீட் ரெயில் மேலோ, கார்ப்பெட்டை விலக்கிய ஃப்ளோர் மேலோ ஒட்டுங்க. கையில் பிடித்தால் கை நடுக்கத்தை உறிஞ்சிவிடும். ஆடுகிற வேகத்தில் காரை சீராக ஓட்டினால் கிராஃபில் ஒரு இடம் முள் மாதிரி எழும்பும். அந்த எண்தான் துப்பு.

அந்த எண்ணை எதோட ஒப்பிடுவது? சின்ன கணக்குதான்.

டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, காரை ஒரு சுற்று உருட்டி, தரையில் டேப்பால் அளங்க. அம்பாசடரின் 15 இன்ச் சக்கரத்தில் 2 மீட்டருக்கு ஒட்டி வரும். மணிக்கு 72 கி.மீ. என்றால் விநாடிக்கு 20 மீட்டர். ஆக, சக்கரம் விநாடிக்கு 10 சுற்று.

அடுத்து ஆக்சில் விகிதம். இது மாடலுக்கு மாடல் மாறும், நாமே எண்ணிவிடலாம். நியூட்ரலில் வைத்து, மற்ற மூணு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுத்துங்க. ஷாஃப்ட் எத்தனை சுற்று சுத்தியதோ அதுதான் விகிதம். ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுத்தும்போது கிரௌன் பாதிதான் சுத்தும், அதனால்தான் 2 சுற்று. உதாரணத்துக்கு நாலரை வந்தது என்று வைப்போம். இப்ப 72 கி.மீ. வேகத்தில்:

- 10 ஹெர்ட்ஸில் முள்: சக்கரம், டயர், ரிம், பிரேக் டிரம், வளைந்த ஆக்சில் ஷாஃப்ட்.
- 45 ஹெர்ட்ஸில் முள்: புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பேலன்ஸ், வளைவு, பிளே வந்த ஜாயின்ட். நாலு கியர் காரில் டாப் கியர் என்றால் இன்ஜினும் இதே எண்ணில் வரும், அதனால் நியூட்ரல் டெஸ்ட் முடிவோடு சேர்த்துப் பாருங்க.
- 90 ஹெர்ட்ஸில் முள்: ஜாயின்ட் கோணம். ஏன் ரெட்டிப்பு? மடங்கிய நிலையில் சுத்தும் யூ.ஜே. ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகமாகி, ரெண்டு தடவை மெதுவாகும். அது அதன் பிறவி குணம். நாலு சிலிண்டர் இன்ஜினின் வெடிப்பும் டாப் கியரில் இதே எண்ணில் வரும். அதனால் நியூட்ரலிலும் தொடருதா, மிதித்தால் மட்டும் வருதா, நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினாலும் வருதா என்று பார்த்தே முடிவு பண்ணுங்க.

ஒரு எச்சரிக்கை. போன் சென்சார் விநாடிக்கு 100 தடவை அளந்தால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். 90-ஐப் பார்க்க 200 தடவையாவது அளக்கும் போன் வேணும்.

மாமா காரில் முள் 45-ஐ ஒட்டியே நின்றது. நியூட்ரலிலும் தொடர்ந்தது. டயருக்கும் இன்ஜின் மவுண்டிங்குக்கும் கொடுத்த பணத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்த நிமிஷம் தெரிந்தது.

காருக்கு அடியில் என்ன பார்க்கணும்?

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே போகாதீங்க. பட்டறையில் பிட் அல்லது லிஃப்டில் பாருங்க. வீட்டில் என்றால் உறுதியான ஸ்டாண்ட், ஆக்சிலுக்கு அடியில் கொடுத்தது. சேஸியைத் தூக்கினால் ஆக்சில் தொங்கி கோணமே மாறிவிடும்.

1. துருப்பொடி: யூ.ஜே. கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, ரோலர் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. மாத்துவது தவிர வேறு வழியில்லை.
2. பிளே: ஜாயின்ட்டின் ஒரு பக்கத்தை ஒரு கையில் பிடித்து, மறு பக்கத்தை முறுக்குங்க, மேலும் கீழும் தள்ளுங்க. ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் துளி அசைவு தெரிந்தாலும் கிராஸ் போயிடுச்சு. ஷாஃப்ட் மொத்தமாகச் சேர்ந்து திரும்பினால் அது ஹவுசிங்குக்குள் இருக்கும் இடைவெளி. ரெண்டையும் குழப்பாதீங்க.
3. ஷாஃப்ட் குழாய்: நசுங்கல், ஒட்டிய தார், சேறு, அண்டர் கோட்டிங் எல்லாமே பேலன்ஸைக் கெடுக்கும். குழாயில் சின்ன தகட்டை வெல்டு வைத்திருப்பார்கள், அது பேலன்ஸ் வெயிட். விழுந்த தடம் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.
4. போல்ட்: பினியன் ஃபிளாஞ்சின் நாலு போல்ட்டும் டைட்டா? கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் நசுங்கி இறங்கியிருக்கா? யூ போல்ட் லூஸா?
5. கோணம்: போனில் இருக்கும் லெவல் ஆப்பை கியர் பாக்ஸ் பின்பக்கம், ஷாஃப்ட், பினியன் ஃபிளாஞ்ச் மூணிலும் வைத்துப் பாருங்க. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் மடங்கல் சுமார் 3 டிகிரிக்குள், ரெண்டு ஜாயின்ட்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. முன் ஜாயின்ட் செய்யும் கோளாறைப் பின் ஜாயின்ட் எதிர்த்திசையில் சரிக்கட்டும். கோணம் சமமில்லையென்றால் அந்தக் கணக்கு தப்பிவிடும். பின் பட்டை தொய்ந்த கார், ‘லுக்’குக்காகத் தாழ்த்திய கார், ரெண்டிலும் இது சகஜம்.

ரிப்பேருக்கு அப்புறம்தான் ஆட ஆரம்பிச்சதா?

கிளட்ச் மாத்தி வந்த மறுநாளே நடுக்கம் ஆரம்பித்தால் புதுசா எதையும் வாங்காதீங்க. கழற்றி மாட்டியதில்தான் சிக்கல். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்ச் ரெண்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். போடாமல் கழற்றியிருந்தால், நாலு போல்ட்டையும் எடுத்து ஷாஃப்ட்டை அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்க. சில சமயம் அதுவே போதும். ஸ்ப்லைனில் பிரித்துச் சேர்க்கிற ஷாஃப்ட் என்றால் இன்னொரு விஷயம் இருக்கு. ரெண்டு முனை யோக்கும் எப்படி இருக்கணும்னு அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஒரு பல் தள்ளி ஏறினாலும் வண்டி நடுங்கும். இதைச் சரிசெய்ய பாகமே வாங்க வேண்டாம், கூலி மட்டும்தான்.

இது இருந்தா ஓட்டாதீங்க

நடுக்கம் எரிச்சல் மட்டுமில்லை, ஆபத்து. முன் யூ.ஜே. உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை ரோட்டில் விழுந்து குத்தி நிற்கலாம். ஓடுகிற காரையே தூக்கிப் போடும். பின் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் சாட்டை மாதிரி சுழன்று பிரேக் லைனை அடிக்கலாம். நடுக்கம் ஒரே நாளில் திடீரென்று அதிகமானாலோ, ‘டொக்’ சத்தத்தோடு சேர்ந்து வந்தாலோ, ஃபிளாஞ்ச் போல்ட் ஒன்று காணோம் என்றாலோ, ‘மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்’ என்று நினைக்காதீங்க. டோவ் பண்ணுங்க.

மெக்கானிக்கிட்ட எப்படிச் சொல்லணும்?

‘அண்ணே, வண்டி ஆடுது’ என்று சொன்னால் அவருக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்பார், செலவு உங்களுடையது. அதுக்குப் பதிலா இப்படிச் சொல்லுங்க: ‘65-ல ஆரம்பிக்குது, 72-ல அதிகம், ஃப்ளோர்ல தெரியுது, நியூட்ரல்ல விட்டாலும் நிக்கல, நின்னு ரேஸ் பண்ணா இல்ல.’ இந்த ஒரே வரியில் முக்கால்வாசி பாகங்கள் பட்டியலிலிருந்து கழிந்துவிடும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. 2017-ல் அந்தப் பெயரையே பிரெஞ்சு கம்பெனியான பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயர் யார்கிட்ட இருந்தாலும் ஸ்பேர் தேட நம்ம ஆட்கள் போவது சென்னை புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும்தான். யூ.ஜே. கிராஸ் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போய் கப் அளவையும் லாக்கையும் ஒப்பிட்டு வாங்குங்க. நிப்பிள் இருக்கிற ரகம் கிடைத்தால் அதையே எடுங்க. கடலோர ஊரில் கிரீஸ் கன்தான் கிராஸுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ். நாலு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கிற வரை அடிக்கணும். இதே விதி ஈகோ, பொலேரோ மாதிரி பின் சக்கரம் தள்ளும் இன்றைய வண்டிகளுக்கும் பொருந்தும்.

மாமா காரில் பின் ஜாயின்ட்டைக் கழற்றியபோது கப்பிலிருந்து ரோலருக்குப் பதில் துருப்பொடிதான் கொட்டியது. ஒரே ஒரு கிராஸ். மாத்தின விலை, புதுசா போட்ட ஒரு டயருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. திரும்பி வரும்போது 70 தாண்டியும் ஃப்ளோர் அமைதியாக இருந்தது. மாமா பத்து நிமிஷம் எதுவும் பேசவில்லை. அப்புறம் அத்தைக்குப் போன் போட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: “கிளம்பி இரு, மரக்காணம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”